ஊர்க்காரன் ஏன் ஒதுங்க வேண்டும்?

குடிநோய் மூளை சம்பந்தப்பட்டது, மருத்துவரிடம் விட்டுவிட்டு ஊர்க்காரர்கள் ஒதுங்கி நிற்கட்டும் என்கிறார் நண்பர். முதல் பாதி சரி. வருடக்கணக்காகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அங்கே திண்ணைப் பஞ்சாயத்துக்கு வேலையில்லை.

ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டு நகரத்து மருத்துவமனையில் வாரக்கணக்கில் படுத்துக்கிடக்க யாரால் முடியும்? அதனால்தான் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. குடிநோய் சிகிச்சை மருத்துவமனை சென்னையிலிருந்து திருவாரூர் பக்கத்து மஞ்சக்குடிக்கே போய் முகாம் போட்டது. நடந்தது 1980களின் கடைசியில். புதுச் சங்கதி அல்ல. சிகிச்சை மருத்துவக் குழுவுடையது, தாங்கிப் பிடித்தது ஊர்.

முகாம் முடிந்து வந்தவனிடம், சாவு வீட்டுப் பந்தலில் தோளில் கைபோட்டு, “ஒரே ஒரு கட்டிங்டா, மாமனுக்காக” என்பவன் மருத்துவரா? பங்காளி. சனிக்கிழமைக் கூலியை எண்ணிக் கொடுப்பவர் மேஸ்திரி. அந்தப் பங்காளி வாயை மூடிக்கொள்வதையும், மேஸ்திரி பணத்தை வீட்டுக்காரம்மா கையில் கொடுப்பதையும் எந்த மருந்துச்சீட்டில் எழுதுவார்கள்? (கட்டிவைத்து அடிக்கும் ஊர்க்கட்டுப்பாட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அது வேறு வியாதி.) நண்பர் பதில் சொல்லட்டும்.