ஐந்து வருட வொரண்டிக்குப் பின்னால் யாருடைய காசு?



பிரிட்ஜ், வோஷிங் மெஷின் வாங்கும்போது "இன்னும் கொஞ்சம் கட்டினால் ஐந்து வருட வொரண்டி" என்கிறார்கள். நாமும் கட்டிவிடுகிறோம். அது பொருளோடு இலவசமாக வரும் வொரண்டி அல்ல, தனியாகக் காசு கொடுத்து வாங்கும் ஒப்பந்தம். இன்றைக்குக் காசை வாங்கிக்கொண்டு, பிறகு பழுதானால் பார்க்கிறோம் என்பது காப்புறுதி மாதிரித்தானே?

அமெரிக்காவில் இது பழைய கேள்வி. அங்கே காப்புறுதியைப் பெரும்பாலும் மாநிலங்களே மேற்பார்வை செய்கின்றன. பல மாநிலங்களின் நிலைப்பாடு இதுதான்: இதைக் காப்புறுதி என்று சொல்லமாட்டோம், ஆனால் சும்மாவும் விடமாட்டோம். நியூயோர்க் காப்புறுதிச் சட்டத்தின் 79ஆம் பகுதிப்படி, ஒப்பந்தம் தருபவர் பதிவு செய்ய வேண்டும். அவர் கைவிட்டால் பொறுப்பேற்க ஒரு காப்புறுதிக் கம்பனி பின்னால் நிற்க வேண்டும். இல்லையென்றால், வாங்கிய காசில் கொடுத்த இழப்பீடு போக 40 சதவீதத்தை ஒதுக்கி, பிணைவைப்பும் வைக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் 100 மில்லியன் டொலர் நிகர மதிப்பாவது காட்ட வேண்டும். டெக்சாஸில் இதைக் கவனிப்பது காப்புறுதித் திணைக்களமே அல்ல, அனுமதிப்பத்திரம் வழங்கும் திணைக்களம். பெயர் எதுவானாலும், வாக்குக்குப் பின்னால் காசு இருக்கிறதா என்று ஒருவர் பார்க்கிறார்.

நமது நாட்டுக்கு வருவோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வொரண்டிக்கு மாறான பொருள் பற்றி முறைப்பாடு செய்ய இடம் தருகிறது. நல்ல விஷயம். ஆனால் விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது. நான்காம் வருடம் பழுதானால்? வழக்குப் போடலாம்தான். ஒரு பிரிட்ஜுக்காக எத்தனை பேர் நீதிமன்றப் படி ஏறுவோம்?

சின்னக் கடைக்காரர்களுக்குச் சுமை என்று சிலர் சொல்லலாம். சுமை கடைக்கு அல்ல, வாக்குக் கொடுத்து அந்தக் காசை வைத்திருப்பவருக்கே. அது நம்முடைய அமானிதம்.

நாம் கேட்பது மூன்று: பதிவு, ஒதுக்குப் பணம், வொரண்டி முடியும்வரை முறைப்பாட்டுக்கு அவகாசம்.

சட்டம் மாறும்வரை, காசு கட்டமுன் கேளுங்கள்: பொறுப்பு கடைக்கா, கம்பனிக்கா? கடை மூடினால் யாரிடம் போவது? எதற்கெல்லாம் பொருந்தாது? பதில் தாளில் இல்லையென்றால் அந்தக் காசைக் கட்டாதீர்கள். திருத்த வேலைக்கென்று வீட்டிலேயே ஒதுக்கி வையுங்கள்.