இயங்காத கண்ணாடிக்கும் மதிப்பெண் வேண்டும்

மாணவர் புத்தாக்கக் கண்காட்சி நடக்கும் மண்டபத்திற்குள் நுழைந்தால் எல்லாக் கருவிகளும் இயங்கிக்கொண்டிருக்கும். விளக்கு எரியும், திரை ஒளிரும், நீதிபதிகள் குறிப்பெடுப்பார்கள், பெற்றோர் படம் எடுப்பார்கள். அதே கருவி மூன்று மாதம் கழித்து எங்கே இருக்கிறது என்று விசாரித்தால் அறிவியல் கூடத்து அலமாரியைக் காட்டுவார்கள். "கெட்டுப் போச்சு" என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல யாரிடமும் எதுவும் இருக்காது.

எது கெட்டது, ஏன் கெட்டது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த மூன்று கேள்விகளுக்கும் நம் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் தனியாக மதிப்பெண் தருவது அரிது. தர வேண்டும் என்பது என் கருத்து. செய்து முடித்த கருவிக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கிறோமோ, நின்றுபோன கருவியை மாணவர் எழுப்பிய வழிக்கும் ஒரு பங்கு மதிப்பு கொடுக்க வேண்டும்.

விவேகக் கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் விரும்பிச் செய்யும் திட்டப்பணி இது. ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பி, மறு பகுதியை ஊடுருவ விடும் இருவழிக் கண்ணாடி ஒன்று வேண்டும். அதன் பின்னால் ஒரு பழைய கணினித் திரை. திரையை இயக்க ஓர் ஒற்றைப் பலகைக் கணினி. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தைக் காட்டினால், கறுத்த இடமெல்லாம் கண்ணாடியாகவும், மணியும் வானிலையும் வகுப்பு அட்டவணையும் அதற்குள் மிதப்பது போலவும் தெரியும். நெதர்லாந்தைச் சேர்ந்த மைக்கேல் டீயூ தொடங்கிய 'மேஜிக்மிரர்' என்ற திறந்த மூல மென்பொருளை இதற்குப் பலரும் பயன்படுத்துகிறார்கள். காணொலியைப் பார்த்தால் ஒரே நாளில் முடிந்துவிடும் வேலை போலத் தோன்றும். உண்மையான பாடம் அந்த ஒரு நாளுக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

எந்தப் பலகையைக் கொண்டு இதைச் செய்கிறோமோ, அந்தப் பலகையே மாணவர்கள் நோண்டிப் பார்ப்பதற்காகப் பிறந்ததுதான். கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிப்போர் குறைந்து வருவதையும், வருபவர்களுக்குக் கணினியின் உள்ளே நடப்பது தெரியாமல் இருப்பதையும் கண்டு கவலைப்பட்ட எபன் அப்டனும் நண்பர்களும் உருவாக்கியது ராஸ்பெர்ரி பை. 2012 பிப்ரவரி 29ஆம் நாள் அது விற்பனைக்கு வந்தது. 2015 நவம்பரில் அதன் தம்பியான 'ஜீரோ' 5 அமெரிக்க டாலர் விலையில் வந்தபோது, ஒரு மாத இதழின் அட்டையோடு சேர்த்து இலவசமாகவும் கொடுத்தார்கள். கெடுமோ என்று பயந்து பூட்டி வைக்காமல், பிள்ளைகள் கையில் எடுக்க வேண்டும் என்பதே அந்த மலிவு விலையின் நோக்கம்.

நான்கு சந்தேகங்கள், ஒரு கம்பி

எங்கள் பல்கலைக்கழக இந்திய மாணவர் சங்க அறைக்கு நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு கண்ணாடி செய்தோம். பலகை, ஜீரோ 2 டபிள்யூ. நீளம் 65 மில்லிமீட்டர், அகலம் 30 மில்லிமீட்டர், நினைவகம் 512 எம்பி. மாட்டிய மூன்றாம் நாளிலிருந்து அது அடிக்கடி உறைந்துபோகத் தொடங்கியது. கடிகாரம் 2.17இல் நிற்கும். மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் மீண்டும் ஓடும். சிறிது நேரத்தில் மறுபடி நிற்கும்.

இந்த இடத்தில் பெரும்பாலான குழுக்கள் புதுப் பலகை வாங்கும். எங்களிடம் அதற்குப் பணம் இல்லை. கிள்ளானில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமாவிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். கணினியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. "எதனால நிக்குதுங்கிறத அப்புறம் பாக்கலாம்மா. எப்ப நிக்குதுன்னு முதல்ல எழுதி வை. ஒரு நேரத்துல ஒன்ன மட்டும் மாத்து. ரெண்டு மாத்துனா எது சரி பண்ணுச்சுன்னு உனக்கே தெரியாது" என்றார்.

எழுதி வைத்தோம். நாள்காட்டியையும் வானிலையையும் இணையத்திலிருந்து இறக்கும் நேரத்தில்தான் அது பெரும்பாலும் நின்றது. சந்தேகங்கள் நான்கு: மரச்சட்டத்திற்குள் வெப்பம், போதாத நினைவகம், கெட்டுப்போன நினைவட்டை, குறைந்த மின்னழுத்தம்.

சட்டத்திலிருந்து பலகையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தோம். அப்போதும் நின்றது. பலகையின் வெப்பநிலையும் 55 பாகை செல்சியஸ் அளவில்தான் இருந்தது. வெப்பம் காரணமில்லை. கடிகாரத்தைத் தவிர மற்ற எல்லாப் பகுதிகளையும் நிறுத்திவிட்டு, பெரிய கோப்பு ஒன்றை மட்டும் இறக்கிப் பார்த்தோம். நினைவகம் பாதி காலியாக இருக்கும்போதே நின்றது. நினைவட்டையை மாற்றினோம். பலன் இல்லை. கடைசியாக, சுவரோரம் இழுத்து வந்த மூன்று மீட்டர் நீள மெல்லிய கம்பியை எடுத்துவிட்டு, அதே மின்மாற்றியோடு குட்டையான தடித்த கம்பியை மாட்டினோம். இரண்டு நாள் நிற்காமல் ஓடியது.

"ஓடுதுல்ல, விடு" என்றார் நண்பர் ஒருவர். ஆனால் பழைய கம்பியை மீண்டும் மாட்டினோம். ஒரு மணி நேரத்திற்குள் நின்றது. அப்போதுதான் அது சந்தேகமாக இருந்த நிலை மாறி விடையானது. பழுதை விரட்டினால் மட்டும் போதாது. கூப்பிட்டால் அது திரும்பி வரவும் வேண்டும். அப்போதுதான் அதன் காரணம் நம் கையில் இருக்கிறது என்று சொல்ல முடியும்.

இதன் பின்னால் இருப்பது படிவம் 5 இயற்பியலில் எல்லாரும் படித்த ஓம் விதிதான். மெல்லிய நீளக் கம்பியின் மின்தடை போகவும் வரவும் சேர்த்து ஓர் ஓம் என்று வைத்துக்கொள்வோம். பலகை 0.6 ஆம்பியர் இழுக்கும்போது கம்பியிலேயே 0.6 வோல்ட் போய்விடும். 5 வோல்ட் புறப்பட்டால் 4.4 வோல்ட்தான் போய்ச் சேரும். வைஃபை வேலை செய்யும்போது பலகை அதிக மின்சாரம் இழுப்பதால் அந்த நேரத்தில் விழுகிறது. ராஸ்பெர்ரி பையின் பெரிய பலகைகளில் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றி எச்சரிக்கும். ஜீரோ வரிசையில் அந்தக் கண்காணிப்புச் சுற்று கிடையாது. அது சொல்லாமல் விழும். தேர்வில் ஓம் விதிக்கு முழு மதிப்பெண் வாங்கிய நாங்கள் நால்வரும் அதை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

பழுது ஒரு மொழி

பழுதின் வடிவமே காரணத்தைச் சொல்லும் என்பதற்கு இன்னும் சில எடுத்துக்காட்டுகள் தருகிறேன். கண்ணாடியில் மணி தவறாகக் காட்டுகிறது என்றால், எவ்வளவு தவறு என்று பாருங்கள். சரியாக 8 மணி நேரம் பின்தங்கியிருந்தால் நேர மண்டலம் இலண்டனிலேயே இருக்கிறது என்று பொருள். அங்கே கோடைக்காலமாக இருந்தால் 7 மணி நேரம். தொடர்பே இல்லாத ஒரு நேரத்தைக் காட்டினால் இணைய இணைப்பைப் பாருங்கள். ஜீரோவில் மின்கலத்தோடு கூடிய கடிகாரம் இல்லை. இணையத்தைக் கேட்டுத்தான் அது மணி தெரிந்துகொள்கிறது. விடுதியின் வைஃபை பெயரே பட்டியலில் வரவில்லை என்றால், அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் ஒலிபரப்பாகலாம். ஜீரோவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே கேட்கும்.

தமிழிலும் அப்படித்தான். சங்க அறைக் கண்ணாடியில் அறிவிப்புகள் தமிழில் வர வேண்டும் என்று விரும்பினோம். தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டங்கள் வந்தால் எழுத்துரு இல்லை. தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவினால் போதும். எழுத்துகள் வந்தும் கொம்பும் காலும் இடம் மாறி நின்றால், எழுத்துகளைக் கோத்துக் காட்டும் மென்பொருள் பகுதி தன் வேலையைச் செய்யவில்லை. பொருளற்ற இலத்தீன் எழுத்துகளும் குறிகளும் வரிசையாக வந்தால், ஒருங்குறியில் சேமித்த கோப்பை வேறு குறியாக்கத்தில் படிக்கிறது என்று பொருள். மூன்றையும் "தமிழ் வரல" என்ற ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடுகிறோம். அடக்கியதும், தமிழுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்ற தவறான முடிவுக்கும் வந்துவிடுகிறோம். உடனே அறிவிப்பை ஆங்கிலத்திற்கு மாற்றிவிடுகிறோம். முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் பிறந்த நாட்டில் இப்படி ஒரு முடிவு நமக்குத் தேவையா?

மாற்றி வைக்கப்பட்ட பலகை

கடந்த ஆண்டு ஒரு தமிழ்ப்பள்ளியில் நடந்த பட்டறைக்கு உதவியாளராகச் சென்றிருந்தேன். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் பலகையில் விளக்கு எரியவில்லை. குனிந்து ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் எடுக்கும் நேரம் வந்ததும், ஒரு பெரியவர் அவள் முன்னிருந்ததை எடுத்துவிட்டு எரிகிற பலகை ஒன்றை வைத்தார். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். படத்தில் அவள் சிரிக்கவில்லை. "அக்கா, என்னோடது ஏன் எரியல?" என்று பேருந்து ஏறும்வரை என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பலகை அதற்குள் பெட்டிக்குள் போய்விட்டது.

ஏன் என்று கேட்கும் பிள்ளையிடமிருந்து கேள்வியைப் பிடுங்கிக்கொண்டு விடையைக் கொடுத்துவிட்டோம். அப்படிப்பட்ட பிள்ளைகள் சில ஆண்டுகள் கழித்து, "எனக்கு இதெல்லாம் வராது" என்று சொல்லி அறிவியல் பிரிவை விட்டு ஒதுங்கும்போது நாம் வருத்தப்படுகிறோம். உடைந்தால் புதிது வாங்கிக் கொடுக்க முடிகிற வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய இழப்பில்லை. வாங்கிக் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்குப் பழுது பார்க்கத் தெரிவதுதான் தொழில்நுட்பத்தில் நீடித்திருக்க ஒரே வழி.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு தேவையில்லை. தமிழ்ப்பள்ளியில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத் திட்டப்பணியானாலும் பல்கலைக்கழக இறுதியாண்டுத் திட்டப்பணியானாலும், கருவியோடு ஒரு பழுதுக் குறிப்பேட்டையும் ஒப்படைக்கச் சொல்லலாம். ஐந்து பத்திகள் போதும்: என்ன நடந்தது, எப்போது நடந்தது, எதைச் சந்தேகித்தேன், எந்த ஒன்றை மாற்றினேன், பிறகு என்ன ஆனது. நூற்றுக்கு 20 மதிப்பெண் இதற்கு ஒதுக்கலாம். கருவி கடைசிவரை ஓடாவிட்டாலும் அந்த 20 மதிப்பெண்ணை மாணவர் முழுதாகப் பெற வாய்ப்பிருக்க வேண்டும்.

பல்கலைக்கழக அளவில் இன்னும் ஒரு படி மேலே போகலாம். நேர்முகத்தின்போது தேர்வாளர் கருவியில் ஏதேனும் ஒன்றைக் கழற்றிவிட்டு அல்லது மாற்றிவிட்டு, பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கச் சொல்லட்டும். திட்டப்பணியைக் காசு கொடுத்துச் செய்து வாங்கும் பழக்கத்திற்கு இதைவிட நல்ல மருந்து இருக்காது. கருவியை வாங்கலாம், அதோடு உட்கார்ந்து போராடிய மூன்று வாரத்தை வாங்க முடியாது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டாலும் பத்துக் காரணங்களை அடுக்கும். அந்தப் பத்தில் நம் மேசைமேல் இருப்பது எது என்று கம்பியைக் கழற்றிப் பார்க்கும் கைக்குத்தான் தெரியும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதிலும் நியாயம் உண்டு. அறுபது மாணவர்களை வைத்திருக்கும் ஆசிரியருக்குக் குறிப்பேடுகளைப் படிக்க நேரம் ஏது? பாலம் கட்டும் பொறியாளர் இடிந்த பாலத்தைக் காட்டி மதிப்பெண் கேட்க முடியுமா? முதல் கேள்விக்கு என் பதில், ஒரு மாணவருக்கு ஒரு பக்கம் போதும் என்பது. நாற்பது பக்க அறிக்கையின் முன்னுரையில் பத்துப் பக்கத்தைக் குறைத்தால் இந்த ஒரு பக்கத்திற்கு நேரம் கிடைத்துவிடும். இரண்டாவது கேள்விக்கு என் பதில், பாலம் இடியக் கூடாது என்பதால்தான் இது வேண்டும் என்பது. இருபது வயதில் ஐந்து வோல்ட் கருவியில் பழுதை மறைக்கப் பழகியவர், நாற்பது வயதில் பாலத்தின் விரிசலையும் மறைக்கக் கூடும்.

ஒரு வேண்டுகோள் மூத்த மாணவர்களுக்கு. உங்கள் குறிப்பேட்டைத் தமிழிலும் எழுதுங்கள். திரையில் வரும் பிழைச் செய்தி ஆங்கிலத்தில் இருக்கட்டும். அது என்ன சொல்கிறது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குப் புரியும் தமிழில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே பலகை வேறொருவர் மேசையில் நிற்கும்போது, அலமாரிக்குப் போவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்கள். இரண்டு ரிங்கிட் பயிற்சிப் புத்தகம் ஒன்றில் இன்றே தொடங்கிவிடலாம்.