கண்ணில் சுண்ணாம்பு பட்டால்...



"கண்ணை இமை காப்பது போல" என்று சொல்வோம். தூசு வந்தாலும் பூச்சி வந்தாலும் இமை தானாகவே மூடிக் கொள்கிறது. ஆனால், இமையால் காக்க முடியாத பொருள் ஒன்று நம்மில் பலருடைய வீடுகளில் இருக்கிறது. உம்மும்மாவின் வெற்றிலைத் தட்டில் இருக்கும் சுண்ணாம்புதான் அது. சுண்ணாம்பு தெறித்த கண்ணை இமை மூடினால், அந்தச் சுண்ணாம்பையும் உள்ளே வைத்தே மூடிவிடுகிறது.

பொலித்தீன் பையில் அடைத்து விற்கப்படும் சுண்ணாம்பு இன்னும் ஆபத்தானது. பிள்ளை அதை விளையாட்டுப் பொருள் என்று நினைத்து இரண்டு கையாலும் அமுக்குகிறது. பை வெடித்து முகத்தில் அடிக்கிறது. பெரும்பாலும் இரண்டு கண்களிலும் படுகிறது. வீடு கட்டும் இடத்துச் சீமெந்து, அடைத்த குழாய்க்குப் போடும் கோஸ்டிக் சோடா ஆகியவையும் இந்த இனத்தைச் சேர்ந்தவைதான்.

"அசிட்தானே பொல்லாதது, சுண்ணாம்பு என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அசிட் பொல்லாததுதான். ஆனால், அசிட் பட்டதும் கண்ணின் மேற்பரப்பு முட்டையின் வெள்ளைக்கரு அவிந்தது போல உறைந்து, அது மேலும் உள்ளே போவதை ஓரளவு தடுக்கிறது. சுண்ணாம்போ அப்படி நிற்பதில்லை. கண்ணின் மேற்படலத்திலுள்ள கொழுப்பைக் கரைத்துக் கொண்டு உள்ளே உள்ளே இறங்குகிறது. அதன் துகள்கள் மேல் இமையின் அடியில் ஒட்டியிருந்து, மணிக்கணக்காகக் கண்ணைப் பொசுக்கிக் கொண்டேயிருக்கும்.

இந்த நேரத்தில் கண்ணருகே இருப்பவர் டொக்டர் அல்ல, நீங்கள்தான். முதல் அரை மணி நேரத்தில் உங்கள் கை செய்யும் வேலையை, பிறகு எந்தப் பெரிய டொக்டராலும் செய்ய முடியாது. ஆகவே வாகனம் தேடி ஓடுவதற்கு முன், தண்ணீரைத் தேடுங்கள்.

குழாய்த் தண்ணீர், சுத்தமான கிணற்றுத் தண்ணீர், குடிக்க வைத்திருக்கும் போத்தல் தண்ணீர் எதுவானாலும் போதும். மருந்துத் தண்ணீர் தேடி ஒரு நிமிடமும் வீணாக்க வேண்டாம். பிள்ளையைப் படுக்க வைத்து, பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்பக்கம் வரும்படி தலையைச் சரித்துக் கொள்ளுங்கள். அப்போதுதான் கழுவிய தண்ணீர் மற்றக் கண்ணுக்குள் போகாது. பிள்ளை கண்ணை இறுக மூடிக் கொண்டு கத்தும். ஒருவர் கையைப் பிடிக்க, மற்றவர் இமைகளை விரல்களால் விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை மெதுவாக, விடாமல் ஊற்ற வேண்டும். கேத்தலோ ஜக்கோ இதற்குப் போதும்.

மேல் இமையைத் தூக்கி அதன் அடியிலும் ஊற்றுங்கள். வெள்ளைத் துகள் தெரிந்தால் சுத்தமான ஈரப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். கண்ணில் லென்ஸ் அணிந்திருந்தால் கழற்றி விடுங்கள். 30 நிமிடமாவது கழுவ வேண்டும். 5 நிமிடத்தில் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது என்பதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

செய்யக்கூடாதவையும் உண்டு. தேங்காயெண்ணெய், நெய், தாய்ப்பால் எதையும் விட வேண்டாம். சுண்ணாம்பை முறிக்கிறோம் என்று தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ விட வேண்டாம். அது இன்னொரு காயத்தையே உண்டாக்கும். கழுவிய பின் கண் பிரிவு உள்ள வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கலாம். பட்ட பொருளின் பையையோ போத்தலையோ கையோடு கொண்டு போங்கள்.

ஒரு விடயத்தை நன்றாக நினைவில் வையுங்கள். கண் சிவக்கவில்லை, வெளுத்துத்தான் இருக்கிறது என்று ஆறுதல் அடைய வேண்டாம். கடுமையாகப் பொசுங்கிய கண்ணில் இரத்தக் குழாய்களே கருகிவிடுவதால், அது சிவக்காமல் வெளுத்துப் போய் இருக்கும்.

"கெட்டுப் போனால் வேறு கண் வைக்கலாம்தானே?" என்றும் சிலர் கேட்கலாம். டொக்டர் ஹட்சன் சில்வா 1961ஆம் ஆண்டு ஆரம்பித்த இலங்கைக் கண் தான சங்கம் பல நாடுகளுக்குக் கண்களை அனுப்பி எத்தனையோ பேருக்குப் பார்வை கொடுத்திருக்கிறது. ஆனால், மாற்றி வைப்பது முழுக் கண்ணை அல்ல. முன்புறத்தில் கண்ணாடி போலிருக்கும் கருவிழிப் படலத்தை மாத்திரம்தான். அதைப் புதுப்பித்துக் கொண்டிருக்கும் உயிரணுக்கள் அதன் ஓரத்தில் இருக்கின்றன. சுண்ணாம்பு அவற்றையே அழித்துவிட்டால், மாற்றி வைத்த படலமும் தெளிவாக நிலைப்பது கடினம்.

இனி, இதற்கு நேர் எதிரான ஒரு நிலைமை. கத்தி, கத்தரிக்கோல், ஈர்க்கு, கம்பி, பென்சில் போன்ற கூரான பொருள் கண்ணில் குத்திவிட்டால் அங்கே தண்ணீர் கூடாது. கழுவ வேண்டாம், கசக்க வேண்டாம், அழுத்திக் கட்டவும் வேண்டாம். குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கவே கூடாது. காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணில் படாமல் நெற்றியிலும் கன்னத்திலும் பதியும்படி வைத்து ஒட்டி, வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்க நேரலாம் என்பதால், வழியில் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள். கண்மணி வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுபட்டுத் தெரிந்தால், கண் கிழிந்திருக்கிறது என்று எண்ணிக் கொள்ளுங்கள்.

பார்வையற்றோர் தொட்டு வாசிக்கும் எழுத்து முறையைத் தந்த லூயி பிரெயில், 1809இல் பிரான்ஸில் பிறந்தவர். மூன்று வயதில் தகப்பனின் தோல் பட்டறையில் ஊசி போன்ற கருவியை எடுத்து விளையாடியபோது அது ஒரு கண்ணில் குத்தியது. காயம் ஒரு கண்ணில்தான். ஆனால் ஐந்து வயதாகும்போது இரண்டு கண்களும் போய்விட்டன. கிழிந்த கண்ணை உரிய காலத்தில் கவனிக்காவிட்டால் மற்றக் கண்ணுக்கும் ஆபத்து வரலாம் என்பது இன்றைக்கும் உண்மை.

பந்து பட்ட கண்ணில், கருவிழியின் கீழ்ப்பாகத்தில் இரத்தம் தேங்கி நின்றால் அதுவும் அவசரம்தான். தலையை உயர்த்தி வைத்து, அஸ்பிரின் கொடுக்காமல் கூட்டிச் செல்லுங்கள். நெல் உமியோ இலையோ கீறிய கண்ணில் நாலைந்து நாளில் வெள்ளைப் புள்ளி தோன்றினால், பூஞ்சணம் பிடித்திருக்கலாம். அந்த நேரத்தில் யாருக்கோ எழுதிக் கொடுத்த பழைய சொட்டு மருந்தை எடுத்து விடாதீர்கள். டெக்ஸாமெதசோன், பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட் சொட்டுகள் சிவப்பைக் குறைத்து, சுகம் வந்தது போலக் காட்டும். உள்ளேயோ பூஞ்சணம் வளர்ந்து கொண்டிருக்கும்.

அதே ஸ்டீரொயிட்டை, கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின் டொக்டரே எழுதித் தருவார். அதை அவர் சொன்ன முறைப்படி, சொன்ன நாள்வரை மாத்திரம் பாவிக்க வேண்டும். சிகிச்சைக்குப் பின் இலேசான உறுத்தலும் கண்ணீரும் சாதாரணம். ஆனால் வலி கூடுவது, சிவப்பு ஏறுவது, தெளிந்த பார்வை மீண்டும் மங்குவது, மின்னல் போல ஒளி தெரிவது, திரை விழுவது போல இருள்வது ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்கக் கூடாது. 2023ஆம் ஆண்டு நுவரெலியாவில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்து கொண்ட சிலருடைய பார்வை பாதிக்கப்பட்டு, வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பிரெட்னிசொலோன் சொட்டு மருந்து பாவனையிலிருந்து நீக்கப்பட்டதை நாடே அறியும். மருந்தைச் சோதிப்பது நம் வேலையல்ல. மாற்றத்தைக் கண்டவுடன் சொல்வது நம் வேலை.

வீட்டிலுள்ள பெரியவர்கள் வுழூவையும் நோன்பையும் நினைத்துத் தயங்குவார்கள். தண்ணீர் படக்கூடாத இடத்துக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. முறையை ஆலிம் ஒருவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். கண்ணுக்கு மருந்து விடுவதால் நோன்பு முறியாது என்பதே ஷாபிஈ மத்ஹபின் சட்டம்.

கடைசியாக ஒன்று. நம் பெண்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உடனே ஓடுவோம். நமக்கு ஏதாவது என்றால், "சமையல் முடியட்டும், அவர் வரட்டும்" என்று இருந்துவிடுவோம். கண்ணுக்கு வந்த அவசரம் அசர் வரையும் காத்திருக்காது. பக்கத்து வீட்டு ராத்தாவைத் துணைக்கு அழைத்துக் கொண்டு புறப்படுங்கள். அவருக்குப் போகும் வழியில் தகவல் சொல்லிக் கொள்ளலாம்.

இதை வாசித்து முடித்ததும் எழுந்து போய், வெற்றிலைத் தட்டையும் மலசலகூடம் கழுவும் போத்தலையும் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் எடுத்து வையுங்கள். பொலித்தீன் பையில் சுண்ணாம்பு இருந்தால் மூடியுள்ள சிறு டப்பாவுக்கு மாற்றி விடுங்கள். உம்மும்மா கோபித்துக் கொண்டால், பேரப்பிள்ளையின் கண்ணுக்காக என்று சொல்லுங்கள்.