பக்கத்து ஊரில் அச்சாகும் மாயாவி!

சிவகாசியில் அச்சாகும் ஒரு சித்திரக்கதைப் புத்தகம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? பஸ் ஏறினால் ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றேகால் மணி! மூன்று ஊரும் ஒரே மாவட்டம். ஆனால் இன்று அந்தப் புத்தகம் பெரும்பாலும் சந்தா கட்டியவர் வீட்டுக்குப் பார்சலாகத்தான் போகிறது. பஸ் நிலையத்துப் பெட்டிக்கடையில், வாரப் பத்திரிகைகளுக்கு நடுவே கயிற்றில் தொங்கிய காலம் மலையேறிவிட்டது.

அந்தக் காலம் சாமானியமானதல்ல. 1972-ம் ஆண்டு ஜனவரியில் 'முத்து காமிக்ஸ்' முதல் இதழ் வந்தது. கதை, 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். இங்கிலாந்தில் பிறந்த கதைதான். ஆனால் இந்த வட்டாரத்துப் பையன்கள் அவனைத் தங்கள் தெருக்காரனாகவே நினைத்தார்கள்! 1984-ல் 'லயன் காமிக்ஸ்' வந்தது. அதே ஆண்டு 'ராணி காமிக்ஸ்' வந்தது. ஓரிரண்டு ரூபாய் இருந்தால் போதும். ஒரு புத்தகம் பத்துக் கை மாறும். ராணி காமிக்ஸ் பின்னாளில் முகமூடி வீரருக்கு 'மாயாவி' என்று பெயர் சூட்டியது. அதே வீரருக்கு முத்து காமிக்ஸில் பெயர் 'வேதாளர்'. எந்த மாயாவி பெரியவர் என்று பள்ளிக்கூட வாசலில் சண்டை நடக்காமல் இருக்குமா?

ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றது. சிவகாசி இதழ்களும் தட்டுத் தடுமாறி, 2012-ல் புதுக் கோலத்துடன் வந்தன. வழவழப்பான தாள், கண்ணைப் பறிக்கும் வண்ணம்! 2013-ல் ஒரே இதழ் 400 ரூபாய்க்கு வந்தது. ரசிகர்கள் முகம் சுளிக்கவில்லை, கொண்டாடினார்கள்.

இப்போது ஒவ்வொரு புது இதழ் வரும்போதும் ரசிகர்களுக்குள் இரண்டு கட்சி. "எல்லாம் வண்ணத்தில் வேண்டும்" என்கிறது ஒன்று. "பழைய கறுப்பு வெள்ளைக்கு ஈடாகுமா?" என்கிறது மற்றொன்று. இரண்டு கட்சியும் பாதி சரி.

'கேப்டன் டைகர்' கதையின் பாலைவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாலை வெயிலில் சிவக்கும் அந்தப் பாறைகளை வரைந்த பிரெஞ்சு ஓவியர் ழான் ழிரோ, வண்ணத்தில் அச்சாகும் என்று தெரிந்தே வரைந்தார். அதைக் கறுப்பு வெள்ளையில் போடுவது, பால்கோவாவைச் சர்க்கரை இல்லாமல் கிண்டுவது போல! 'ரத்தப் படலம்' 2010-ல் 18 பாகங்களும் ஒரே தொகுப்பாகக் கறுப்பு வெள்ளையில் வந்தது. பிறகு 2018-ல் வண்ணத்தில் வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் வண்ணத்தின் பக்கமே சாய்வார்கள்.

ஆனால் மாயாவி? அது கறுப்பு மசிக்காகவே வரைந்த படம். இருட்டறையில் ஒரு கை மட்டும் பளபளப்பதுதானே அதன் அழகு! டெக்ஸ் வில்லரும் அப்படியே. 1948-ல் இத்தாலியில் பிறந்த இந்தக் குதிரை வீரருக்கு இன்றைக்கும் அங்கே மாதந்தோறும் இதழ் வருகிறது. நூறு பக்கங்களுக்கு மேல், சாதாரணத் தாள், கறுப்பு வெள்ளை. நூறாவது, இருநூறாவது என்று வரும் இதழ்களுக்கே வண்ணம் என்பது அங்குள்ள வழக்கம். விற்பதோ பத்திரிகைக் கடைகளில்! பிறந்த ஊரில் அவர் எளிய உடையில் தெருவில் நடமாடும்போது, இங்கே அவருக்கு மட்டும் ஏன் பட்டு அங்கவஸ்திரம்?

பதிப்பாளர் பக்கத்துச் சிரமமும் உண்டு. வெளிநாட்டாருக்கு உரிமைத் தொகை கட்ட வேண்டும். கடைக்குப் போன பிரதி விற்காவிட்டால் கசங்கித் திரும்பும். சந்தாப் பணமோ முன்கூட்டியே கைக்கு வரும். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சந்தா கட்டுகிறவர் யார்? அன்று அரைக்கால் சட்டை போட்டு மாயாவி படித்தவர். இன்று தலை நரைத்தவர். அவர் மகனுக்கு, மில்லுக்குப் போகும் அடுத்த வீட்டுக்காரர் மகளுக்கு, இப்படி ஒரு புத்தகம் வருகிற சேதி எப்படித் தெரியும்? கண்ணில் படாத பண்டத்துக்குக் குழந்தை அழுவதில்லை.

ஆகவே வண்ணத்துக்கென்று பிறந்த கதைகள் வண்ணத்திலேயே வரட்டும். வசதியுள்ளவர்கள் வாங்கி அலமாரியில் அடுக்கட்டும். மாதம் ஒரு இதழ், ஒரே ஒரு இதழ், சாதாரணத் தாளில், கறுப்பு வெள்ளையில், ஒரு காபி டிபன் விலைக்கு மேல் போகாமல் கடைக்கு வரவேண்டும். மாயாவி வந்தால் மிகவும் நல்லது. முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பஸ் நிலையக் கடைகளில் மட்டும் ஆறு மாதம் தொங்கவிட்டுப் பார்க்கலாம். விற்காமல் திரும்பினாலும் வண்டிச் செலவு அதிகம் ஆகாது. சிவகாசி பக்கத்தில்தானே இருக்கிறது?