சுகர் இருக்காக்கா?

பங்குனி பிறந்ததும் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆரோக்கியம் பொங்க ஆரம்பித்துவிடும். வசந்தம் வந்துவிட்டதாம், உடம்பைப் புதுப்பிக்க இதுதான் சமயமாம். பனி உருகி, அப்பாடா என்று வெளியே கால் வைக்கிற ஊர்க்காரர்களுக்கு அது சரி. மதுரைக்காரிக்கு இளவேனில் என்றால் சித்திரை, வைகாசி. அதற்குள்தான் மே 4-இல் அக்னி நட்சத்திரம் வந்து 28 வரை உட்கார்ந்துகொள்கிறது.

ஆனாலும் தொடங்கித்தான் ஆக வேண்டும். ஐம்பதைத் தாண்டியாயிற்று. "சுகர் இன்னும் வரல, வராம பாத்துக்கோங்க. நடங்க, இனிப்பைக் குறைங்க" என்கிறார் டாக்டர். எங்கே நடப்பது, எப்படிக் குறைப்பது என்று அவரும் சொல்வதில்லை.

வாரத்துக்கு 150 நிமிடம் நடந்தால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். (கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு பத்தாயிரம் அடி, பத்தாயிரம் அடி என்று உயிரை எடுக்கிறாரே என் கொழுந்தனார், அது 1965-இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து கிளம்பிய கணக்கு.) அந்த 150 நிமிடத்துக்கே வழியைக் காணோம். எங்கள் பகுதிப் பூங்காவின் கேட்டை ஆறு மணிக்குத்தான் திறக்கிறார்கள். சித்திரையில் சூரியனும் அதே நேரத்துக்கு வந்துவிடுகிறது. தெருவில் நடக்கலாம் என்றால் நடைபாதையில் பைக், டிரான்ஸ்பார்மர், வெட்டிப் போட்ட இளநீர்க் கூடு. மிச்ச இடத்தில் நாய்.

நடையையாவது வீட்டு மாடியில் சமாளிக்கலாம். இந்தச் சீனியை என்ன செய்ய?

ஜூஸ் கடையில் நின்று, "தம்பி, ஒரு சாத்துக்குடி, சீனி போடாம" என்கிறேன். தலையை ஆட்டுகிறார். பழத்தைப் பிழிகிறார். கை தானாகப் பக்கத்துப் பாத்திரத்துக்குப் போகிறது, சீனிப்பாகு ஒரு கரண்டி உள்ளே விழுகிறது. "வேண்டாம்னேனே தம்பி!" "லைட்டாத்தான்க்கா போட்டேன்." பாலிலும் பழத்திலும் இயல்பாக இருப்பது அல்லாமல், மேற்கொண்டு சேர்க்கும் சர்க்கரை நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். இவருடைய 'லைட்டா'வுக்கு அளவு அவருக்கே தெரியாது. வேறு போடச் சொன்னால், வரிசையில் நிற்கிற எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி ஒரு கேள்வி: "சுகர் இருக்காக்கா?"

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். நோய் வந்தவருக்கு மட்டும்தான் நம்மூரில் சீனியை மறுக்க அனுமதி. விசேஷ வீட்டுக்குப் போங்கள். "எனக்குப் பாயசம் வேண்டாம் அத்தை" என்றால், "உனக்குத்தான் சுகர் இல்லையே, பிறகென்ன?" என்று கரண்டி இலையில் கவிழ்கிறது. இன்னும் வற்புறுத்தினால், கர்வம் பிடித்தவள் என்ற பெயர் மண்டபம் தாண்டுவதற்குள் வந்துவிடும். சுகர் இருக்கிறது என்று பொய் சொன்னால் மட்டும் உடனே மரியாதை, தனியாக ஒரு டம்ளர் மோர், கூடவே நாலு வைத்தியம்.

நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு, அதன் விளிம்பில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல் என்று 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. விளிம்பில் நிற்கும் அந்தக் கூட்டம்தான் இப்போது பழக்கத்தை மாற்ற வேண்டியது. பார்க்கப்போனால் அவர்களைத்தான் எல்லோரும் சேர்ந்து பின்னாலிருந்து தள்ளுகிறோம், அதுவும் பாசமாக.

அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்தில் மட்டும் ஊர் கொஞ்சம் மாறுகிறது. திரும்பின பக்கமெல்லாம் நீர்மோர்ப் பந்தல். கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப்போட்ட மோரை நீட்டுகிறவர்கள் உனக்கு என்ன நோய் என்று கேட்பதில்லை. பந்தலைப் பிரித்ததும் பழைய கதைதான்.

மாநகராட்சிக்கு ஒன்று: சித்திரை, வைகாசி இரண்டு மாதமாவது பூங்காவை நாலரைக்குத் திறந்துவிடுங்கள். ஜூஸ் கடைத் தம்பிமார்களுக்கு ஒன்று: கரண்டியை எடுக்கும் முன் "சீனி போடவாக்கா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்காதீர்கள். அத்தைமார்களே, உங்களுக்கும் அதேதான்.