"கேஸ் முடிந்தது" என்றால் என்ன பொருள்?



போலிப் பத்திர வழக்குப் போட்டவரிடமோ, அதில் குற்றவாளிக் கூண்டில் நின்றவரிடமோ சில வருடம் கழித்து விசாரித்துப் பாருங்கள். "கேஸ் முடிஞ்சு போச்சு பாய்" என்பார். எப்படி முடிந்தது என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. வக்கீல் சொன்னார், கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான்! இந்த அலட்சியத்துக்கு நம் வியாபாரிகளும் இளைஞர்களும் கொடுக்கும் விலை கொஞ்சமல்ல.

சட்டத்தைப் புரட்டினால் பயங்கரமாக இருக்கும். சொத்துப் பத்திரத்தையோ உயிலையோ போலியாகத் தயாரித்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 467-வது பிரிவு ஆயுள் தண்டனை வரை பேசியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவின் 338-வது பிரிவும் அதையே சொல்கிறது. ஆனால் இந்த வழக்கை விசாரிப்பவர் யார்? உங்கள் ஊர் ஜுடீஷியல் மாஜிஸ்திரேட். அவர் கொடுக்கக்கூடிய அதிகபட்ச சிறைத்தண்டனை 3 ஆண்டுகள்! அது போதாதென்று அவர் கருதினால் தலைமைக் குற்றவியல் நடுவருக்கு அனுப்பலாம். அவருக்கும் 7 ஆண்டுதான் எல்லை. "ஆயுள் தண்டனைக் கேஸ்" என்று சொல்லி உங்களை மிரட்டிப் பணம் பறிப்பவனுக்கும் இது தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது.

சரி, அந்த 3 ஆண்டாவது கிடைக்கிறதா? வழக்கு அதுவரை போய்ச் சேர்வதே பெரும்பாடு. புகார் கொடுத்தால் மனு ரசீது கையில் தருவார்கள். பிறகு, "இது சிவில் தகராறு, கோர்ட்டுக்குப் போங்கள்" என்று மூடிவிடுவார்கள். எஸ்.பி.க்கு மனு, அதிலும் நடக்காவிட்டால் பிரமாண வாக்குமூலத்துடன் மாஜிஸ்திரேட் முன் மனு என்று வழி இருக்கிறது. பாதிப்பேர் முதல் படியிலேயே களைத்துப் போகிறார்கள்.

களைக்காதவர்கள் சாட்சிய மேடையில் இடறுகிறார்கள். அசல் பத்திரம் எதிராளியிடம் இருக்கும். "தொலைந்துவிட்டது" என்பான். ஜெராக்ஸை வைத்துக் கையெழுத்தைச் சோதித்து எந்த நிபுணரும் உறுதியாகச் சொல்ல மாட்டார். நிபுணர் சொன்னாலும் அதை மட்டும் நம்பித் தண்டிக்க நீதிமன்றங்கள் தயங்கும். வேறு ஆதாரமும் கேட்கும். பத்திரம் பதிவானதாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தின் பெருவிரல் ரேகைப் பதிவேடு கையெழுத்தைவிட வலுவான சாட்சி. அதை வரவழைக்கச் சொல்லிப் புலனாய்வு அதிகாரியிடம் எழுத்து மூலம் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் நிலத்தை ஒருவன் "என்னுடையது" என்று சொல்லித் தன் பெயரிலேயே கையெழுத்திட்டு விற்றுவிட்டான். இது போலி ஆவணமா? பீகாரிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் "இல்லை" என்றது. அவன் உங்களைப் போல் நடித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது போலி. தன் பெயரில் போட்டால் அது பொய். போலி ஆவணம் ஆகாது! தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கொன்றில் 2018-ல் அதே நீதிமன்றம், போலி ஆவணத்தை உருவாக்கியவர் மீதுதான் அந்தக் குற்றம் நிற்கும், அதனால் பலனடைந்தவர் என்பதற்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று விடுதலையை உறுதி செய்தது. ஆகவே புகாரில் யார், எதை, எங்கே கையெழுத்திட்டார் என்பதை எழுதாமல் "அனைவரும் கூட்டுச் சதி செய்து" என்று ஒரே வரியில் முடிப்பது எதிராளிக்கு நாமே செய்யும் உதவி.

இனி சமரசத்துக்கு வருவோம். நம்மிடையே அதிகம் நடப்பது இதுதான். ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பணமோ நிலமோ கைமாறுகிறது. எல்லோரும் கையெழுத்திடுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் சகோதரரே, ஏமாற்றுதல் குற்றத்தை நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்யலாம்; போலி ஆவணக் குற்றத்தைச் சமரசம் செய்ய மாஜிஸ்திரேட்டுக்கே அதிகாரம் கிடையாது. உயர் நீதிமன்றம் சென்று ரத்து செய்தால்தான் அது தீரும். தனிப்பட்ட பணத் தகராறு போன்றவற்றில் அப்படி ரத்து செய்யலாம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது உண்மை. அது எல்லோருக்கும் திறந்த கதவல்ல. போலி ஆவணத்தால் நிலம் பறித்ததாகக் குஜராத்தில் எழுந்த வழக்கில், இரு தரப்பும் சமரசமாகியும் ரத்து செய்ய முடியாது என்று 2017-ல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜமாஅத் தாளை அலமாரியில் வைத்துவிட்டு வாய்தாவுக்குப் போகாமல் இருந்தவருக்குப் பிடியாணை வந்தால் யாரைக் குற்றம் சொல்வது?

இளைஞர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. பிறந்த தேதியை மாற்றி, ஏஜெண்ட் கொடுத்த சான்றிதழை வைத்துப் பாஸ்போர்ட் எடுத்து மாட்டிக்கொள்ளும் தம்பிகள் பலர். வழக்கு நிலுவையில் இருக்கும் வரை, கோர்ட் அனுமதி பெறாமல் புதிய பாஸ்போர்ட் கிடைப்பது கடினம். விசா காத்திருக்கிறது, முதலாளி போன் மேல் போன் போடுகிறார். அப்போது ஒருவர் காதில் ஓதுவார்: "குற்றத்தை ஒத்துக்கோ, ஃபைன் கட்டு, இன்னைக்கே முடிஞ்சிரும்." பாஸ்போர்ட் சட்டத்தின் 12-வது பிரிவில் 2 ஆண்டு வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ என்று இருப்பதால் அபராதத்தோடு போய்விடும் என்ற நம்பிக்கை. தம்பி, ஃபைன் கட்டினாலும் நீ தண்டிக்கப்பட்டவன்! நாளை வெளிநாட்டு வேலைக்குக் காவல்துறைச் சான்றிதழ் கேட்கும்போது அந்தப் பதிவு எழுந்து வரும். விடுதலையும் ரத்தும் வேறு. ஒப்புக்கொண்டு கட்டிய அபராதம் வேறு. செய்யாத குற்றத்தை அவசரத்துக்காக ஒப்புக்கொள்ளாதே. வெளிநாடு செல்ல அனுமதி கேட்டு அதே கோர்ட்டில் மனுப் போடலாம் என்பதை அந்த வக்கீல் உனக்குச் சொன்னாரா?

கடைசியாக, நிலத்தை இழந்தவர்களுக்கு. எதிராளி ஜெயிலுக்கே போனாலும் நிலம் தானாக உங்கள் பெயருக்கு வராது. 2022-ல் தமிழக அரசு பதிவுச் சட்டத்தைத் திருத்தி, போலிப் பத்திரங்களை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய அதிகாரம் தந்தபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். அந்த 77-ஏ பிரிவு செல்லாது என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, பழையபடி சிவில் கோர்ட்தான் நம்பத்தகுந்த வழி. அதற்கும் கெடு உண்டு. பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்கை, அந்தப் பத்திரம் பற்றித் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போட வேண்டும். கிரிமினல் கேஸ் முடியட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்து, அந்த 3 ஆண்டைத் தொலைத்தவர்கள் நம் கடைத்தெருவிலேயே இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தத் தடையில்லை. இந்த வாரமே வில்லங்கச் சான்று போட்டு, போலிப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்கி, அது உங்களுக்குத் தெரிய வந்த தேதியை ஒரு தாளில் எழுதி வக்கீலிடம் கொடுங்கள்.