பேட்டரியும் பக்கத்து அறையும்

மாதிரி விமானம் பறக்கவிடும் நண்பர்களைக் காண்கிறேன். இறக்கையில் சிறு கீறல் விழுந்தாலும் அவர்கள் நெஞ்சம் பதைக்கிறது. அவ்விமானத்துக்கு உயிரூட்டும் லித்தியம் பாலிமர் பேட்டரியோ கட்டிலுக்கடியில், அழுக்குத் துணியோடு கிடக்கிறது! இது முறையா?

நானும் அத்தவற்றைச் செய்தவனே. தேர்வு முடிந்த மகிழ்ச்சியில், முழுதும் மின்னேற்றிய பேட்டரியைப் பெட்டியில் பூட்டிவிட்டுக் கோடை விடுமுறைக்கு ஊர் சென்றேன். திரும்பி வந்து திறந்தபோது அது வயிறு வீங்கிக் கிடந்தது. உள்ளிருந்த வேதிப்பொருள் சிதைந்து வாயுவாகியிருந்தது. வீங்கியதை மீண்டும் மின்னேற்றுவது நெருப்பை அழைப்பதாகும்.

காக்கும் வழி கடினமன்று. செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட் முழு அளவு. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கேடு. பறக்காத நாள்களில் 3.8 வோல்ட்டில் வைப்பதே நலம். 2200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 2.2 ஆம்பியரில் ஏற்றினால் போதும். சூடு ஆறிய பின்னரே ஏற்ற வேண்டும்.

இவற்றை அறியாதவர் நம்மில் எத்தனை பேர்? அறிந்தும், இரவில் மின்னேற்றியில் மாட்டிவிட்டு உறங்குகிறோமே, அதுதான் என் வருத்தம். தீப்பற்றினால் எரிவது நம் பொருள் மட்டுமா? பக்கத்து அறையில் உறங்கும் தோழன் செய்த பிழை என்ன?

ஆகவே நண்பர்களே, விடுதி அறையில் மின்னேற்றுவதை நாமே விலக்குவோம். பணிமனையின் சிமெண்டுத் தரையில், எரியும் பொருள் அருகில் இல்லாமல், ஒருவர் விழித்துப் பார்த்திருக்க ஏற்றுவோம். நடை சற்று மிகும், மிகட்டுமே! விழுந்த விமானத்தை மீண்டும் கட்டலாம். உயிரைக் கட்ட இயலுமா?